லைனில் இருங்கள்

காலை ஐந்து மணிக்கு
இருநூற்றுப் பதினேழு பேருக்கு வசனம் அனுப்புகிறவன் நான்.
பின்னணியில் சூரியோதயம், சில நாள் புறா.
எப்சிபாவிடமிருந்து மட்டும்
இரண்டு நீலக் கோடுகள் வரும்,
கைகூப்பும் பொம்மை வராது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து
காணிக்கை எண்ணும் அறைக்குள்
செருப்பைக் கழற்றாமல் வந்து நின்றாள்.
"எல்லாரையும் நேசிக்கிறார், சரி.
அந்த எல்லார்ல நான் இருக்கேனான்னுதான்
தெரியல, ஐயரே."
பொருளாளர் சில்லறை எண்ணுவதை நிறுத்தினார்.

எனக்குப் பதில் தெரியும்.
இருபத்தாறு வருடம் சொல்லிச் சொல்லி
ஓரம் மழுங்கிய பதில்.
வாய் திறக்குமுன் கை காட்டினாள்:
"என் பேருக்கு அர்த்தம் மட்டும் சொல்லாதீங்க.
எங்கப்பா எதுக்கும் பெருசாத்தான் பேர் வைப்பாரு.
ஓட்டை ஆட்டோவுக்கு ராஜரதம்."

வீட்டில் ஏதும் கஷ்டமா என்றேன்.
"ஒண்ணுமில்ல. ஒண்ணு இருந்தா
அதுக்கு ஜெபம் பண்ணிட்டுப் போயிடுவீங்களே."

ஜெபித்தேன். வேறென்ன செய்ய.
சொற்கள் மின்விசிறியில் அடிபட்டு
மேசைமேல் விழுந்தன.
ஆமென், பொருளாளர் சொன்னார்.

நவம்பரில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பியிருந்தது.
ஸ்கூட்டரை இந்தப் பக்கமே விட்டு
பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி
தண்டவாளம் தாண்டி வியாசர்பாடிக்குப் போனேன்.
அப்போதுதான் இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள்.
ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிடுகிறவர்களின்
போனை எடுக்கிற வேலை.
ஹெட்போன் அழுத்திய கோடு
தலைமுடியில் வகிடுபோல் குறுக்கே கிடந்தது.

அவர்களிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.
வசனம் கொண்டுவராததால் கேட்டேன்.

"என்னத்தச் சொல்றது.
எந்தத் தெரு, பக்கத்துல என்ன இருக்கு, மூச்சு வருதா.
அழுவாங்க. என்னைத் திட்டுவாங்க.
வண்டி வருமா வராதாம்பாங்க.
நானும் அந்த வண்டியப் பார்த்ததில்ல, ஐயரே.
எங்க மழையில மாட்டியிருக்கோ.
வந்துட்டிருக்குன்னு சொல்வேன்.
அவங்க நம்பணும்னு இல்ல.
வண்டி வர்ற வரைக்கும்
நான் போனை வைக்கக் கூடாது, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு
நேற்றைய ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள்.
அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு ஆயிற்று என்று
என் புத்தி உடனே குறித்துக்கொண்டது.
ஈரக் காலோடு உட்கார்ந்திருந்த எனக்கு
அந்தப் புத்தியை நினைத்து வெட்கமாயிருந்தது.

அதனால்தானோ என்னவோ சொன்னேன்.
கடைசியில் இரண்டு கையும் உயர்த்தி
ஆசீர்வாதம் கூறுகிறேனே, எப்சிபா,
கோவிலில் அத்தனை பேரும் அந்தக் கைகளுக்கு எதிரில்.
பின்னால் நிற்பவன் நான் ஒருவன்தான்.
சில வாரம் அந்த இடம்
ரொம்பக் குளிர்கிறது.

அவள் சிரிக்கவில்லை. பதறவும் இல்லை.
தட்டைத் தள்ளிவைத்து, கையைக் கழுவாமல்,
இரவெல்லாம் கேட்ட அதே குரலில் கேட்டாள்:
"எப்போலேர்ந்து?"

சொன்னேன்.
மூன்று முறை கரண்ட் போய் வந்தது.
சோறு காய்ந்து அவள் விரலில் ஒட்டியது.
வந்துட்டிருக்குன்னு அவள் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.

இப்போது இருநூற்றுப் பதினாறு பேருக்கு அனுப்புகிறேன்.
அவளுக்கு, ஷிப்ட் முடியும் நேரம் பார்த்து, போன் செய்கிறேன்.
அந்தப் பக்கம் பஸ் ஹாரன், கண்டக்டர் விசில்.
இருக்கியா, என்பேன். இருக்கேன், என்பாள்.
சில நாள் அவளே முந்திக்கொண்டு கேட்பாள்.
இன்னும் அவளுக்குத் தெரியவில்லைதான்.
தெரிந்துவிட்டதா என்று நான் கேட்பதில்லை.

போன ஞாயிறு, ஆசீர்வாத வேளையில்
எல்லாத் தலையும் குனிந்திருக்க
கடைசி பெஞ்சில் ஒரு கை
முழங்கையளவு உயர்ந்து, என் பக்கமாக,
சற்று நேரம் நின்றது.

குளிருது, விசிறியை நிறுத்துங்க
என்பதாகவும் இருக்கலாம்.